பெட்ரோல் காசுக்காவது வருமா? ஆசைக்காக எழுதும் வலைப்பூவிலிருந்து சிறு வருமானம்

கல்தேடி, பென்னாகரம் வட்டம்
ஜூன் 2, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். ஏழு வருடமாக நடுகற்களைப் பற்றி, அதாவது இறந்துபோன வீரர்களுக்கு ஊர் நட்டு வைத்த நினைவுக்கற்களைப் பற்றி, ஒரு வலைப்பூ எழுதி வருகிறேன். வாரத்தில் ஆறு நாள் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதும் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

எங்கள் பக்கம் வேடியப்பன் கோயில் எங்கே என்று கேட்டால் ஏதாவது ஒரு மரத்தடியைக் காட்டுவார்கள். போய்ப் பார்த்தால் வில்லோ வாளோ ஏந்திய ஒரு வீரன் கல்லில் நிற்பான். ஊருக்கு அவன் சாமி. வட்டெழுத்து என்ற பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு செய்தியும்கூட: இன்ன அரசனின் இன்ன ஆட்சியாண்டில், தொறு மீட்கப் போய்ப் பட்டான் இன்னான். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். நான் முறையாகப் படித்தவன் இல்லை, படித்தவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். இதுவரை 212 பதிவுகள் ஆகியிருக்கின்றன. ஒரு நாளைக்கு 150 முதல் 300 பேர் வரை படிக்கிறார்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல், வழியில் சாப்பாடு எல்லாம் சேர்த்து மாதம் 1,500 ரூபாய். இதுபோக டொமைனுக்கு, அதாவது வலைப்பூவின் இணைய முகவரிக்கு, வருடம் 900. சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு அந்த 1,500 எனக்குப் பெரிய தொகையாகிவிட்டது. வீட்டில் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் மாதக் கடைசியில் பங்க்கில் நிற்கும்போது எனக்கே கை தயங்குகிறது.

இதை வைத்துப் பிழைக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லை. அந்த 1,500 மட்டும் எழுத்திலிருந்தே வந்துவிட்டால் நிம்மதியாகத் தொடர்வேன். செய்து பார்த்தவர்கள் இருந்தால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

ராகிக்களி, பாலக்கோடு
ஜூன் 2, இரவு 11.15

தம்பி, நான் கேழ்வரகு, சாமை, தினை வைத்துச் செய்யும் சமையலை எழுதுகிறேன். எட்டு வருடமாகிறது. நான் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது விளம்பரம்தான். நம் பக்கத்தில் விளம்பரம் காட்டி அதற்குப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில்தான் தமிழைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன் தமிழில் மட்டும் எழுதியவர்களுக்கு அந்தக் கதவே கிடையாது. நான் 2019-ல் சேர்ந்தேன். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்குத் தபாலில் ஒரு பின் எண் அனுப்புவார்கள், அதைப் பதிய வேண்டும். பிறகு 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்குப் பணம் வரும். எனக்கு அந்த முதல் 10 டாலர் சேரவே ஐந்து மாதம் ஆயிற்று. எங்கள் தெருவில் பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று இரண்டு உண்டு. தபால்காரருக்கு என் முகம் தெரியும் என்பதால் கடிதம் கைக்கு வந்தது. நீங்கள் முகவரி கொடுக்கும்போது இன்ன கோயிலுக்கு எதிரில் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

தொகையையும் சொல்கிறேன். நன்றாகப் போன ஒரு மாதத்தில் 9,000 பார்வைகள் வந்தன, கிடைத்தது 4 டாலர் 12 சென்ட். முதல் 100 டாலர் கைக்கு வர இரண்டரை வருடம் ஆயிற்று. இப்போது கிளிக்குக்கு அல்ல, விளம்பரம் எத்தனை முறை தெரிகிறது என்பதற்குத்தான் கணக்கு. 2024-லிருந்து அப்படி மாற்றிவிட்டார்கள். நமக்கு வரும் தொகையில் அதனால் பெரிய வித்தியாசம் ஒன்றும் நான் பார்க்கவில்லை. தமிழ்ப் பக்கத்துக்கு, அதுவும் நம் ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு, விளம்பரதாரர் கொடுக்கும் விலையே குறைவு.

எனக்குப் பணம் வந்த இடம் வேறு. சத்துமாவு எப்படி வறுத்து அரைப்பது என்று ஒரு பதிவு போட்டிருந்தேன். அதன் கீழே திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒரே கேள்வி: "அக்கா, எங்களுக்கு நேரமில்லை, நீங்களே அரைத்து அனுப்புவீர்களா?" இரண்டு வருடம் அதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கடந்து போயிருக்கிறேன். பிறகுதான் உறைத்தது. உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தேன், சின்ன அளவில் செய்பவர்களுக்கு அப்போது வருடக் கட்டணம் 100 ரூபாய்தான். இப்போது மாதம் 12 கிலோ வரை போகிறது. தானியம், அரைவைக் கூலி, கூரியர் எல்லாம் போக 2,000 ரூபாய் நிற்கிறது.

உங்களுக்கு மாவு பொருந்தாது, தெரியும். ஆனால் உங்கள் பதிவுகளின் கீழே ஏழு வருடமாக ஆட்கள் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

கார்புரேட்டர், ஓசூர்
ஜூன் 3, காலை 6.40

அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஷிப்ட் முடிந்து வந்ததும் பார்த்தேன், அதனால் இந்நேரத்தில் எழுதுகிறேன்.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பிரித்துச் சேர்ப்பதைப் பற்றி எழுதுகிறவன் நான். எனக்கு வருமானம் இணைப்புக் கமிஷனில். ஸ்பேனர் செட், ஃபீலர் கேஜ் போன்றவற்றுக்குப் பதிவிலேயே அமேசான் லிங்க் இருக்கும். அதன் வழியாகப் போய் 24 மணி நேரத்துக்குள் கூடையில் போட்டு வாங்கினால் நமக்குச் சிறு கமிஷன் வரும். மாதம் 600-லிருந்து 1,100 வரை வருகிறது. லிங்க் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் உண்டு என்பதைப் பதிவின் மேலேயே எழுதியிருக்கிறேன். எழுதாமல் விடக் கூடாது.

ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு எஞ்சின் ஆயில் விற்கிறவர் 3,000 ரூபாய் கொடுத்து, நல்லபடியாக நாலு வரி எழுதுங்கள், காசு வாங்கியதைச் சொல்ல வேண்டாம் என்றார். அந்த மாதம் வீட்டில் நெருக்கடி. எழுதிவிட்டேன். அந்த ஆயிலை என் வண்டியில் ஊற்றிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்து தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு பையன் எழுதினான். பிஸ்டன் இறுகிவிட்டது, அது அவன் அப்பா வைத்திருந்த வண்டி. அவன் திட்டவில்லை. "நீங்கள் சொன்னீர்களே என்றுதான் ஊற்றினேன் அண்ணா" என்று மட்டும் எழுதியிருந்தான். அந்த வரியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. வண்டியை என் இடத்துக்கு வரவழைத்து, அந்த 3,000-த்தையும் போட்டு, எஞ்சின் சிலிண்டரைக் கடைந்து சரிசெய்து கொடுத்தேன். பதிவை எடுத்துவிட்டு, நடந்ததை அதே இடத்தில் எழுதி வைத்தேன்.

2021-லேயே விளம்பரத் தர மன்றம், காசு வாங்கி எழுதினால் அது விளம்பரம் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என வழிகாட்டுதல் கொண்டுவந்துவிட்டது. 2023 ஜனவரியில் நுகர்வோர் துறையும் அதையே சொன்னது. எனக்கு அந்தப் பையனின் கடிதமே போதுமானதாக இருந்தது.

நடுகல்லுக்கு லிங்க் எதற்குக் கொடுப்பீர்கள்? கேமரா, டார்ச் என்று வலிந்து சேர்க்காதீர்கள். படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அணைப்பறவை, கிருஷ்ணகிரி
ஜூன் 3, மாலை 5.20

அண்ணா, உங்கள் வலைப்பூவைப் படித்திருக்கிறேன். நான் எங்கள் ஊர் கே.ஆர்.பி. அணையில் பறவைகளைப் படம் எடுத்து எழுதுகிறேன். பாம்புத்தாராவைப் பற்றி மட்டும் ஒன்பது பதிவு போட்டிருக்கிறேன். எனக்கு 17 வயது. விளம்பரக் கணக்கு நான் திறக்கலாமா? எனக்கும் ஒரு லென்ஸ் வாங்க ஆசை.

வரவுசெலவு, தருமபுரி
ஜூன் 3, இரவு 8.05

வங்கியில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பணம் சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன், எழுத்து எனக்குத் தெரியாது.

அணைப்பறவை, ஆட்சென்ஸுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அதுவரை அம்மா அல்லது அப்பா பெயரில் திறக்கலாம், பணம் அவர்கள் கணக்குக்குத்தான் வரும். வயதை மாற்றிக் கொடுத்துவிடாதே அம்மா, பிறகு அடையாளச் சான்று கேட்கும்போது சிக்கல்.

வெளிநாட்டுப் பணம் வயர் டிரான்ஸ்ஃபராக வரும். அதற்கு ஸ்விஃப்ட் குறியீடு வேண்டும். எல்லாக் கிளைக்கும் அது இருக்காது, உங்கள் வங்கியின் எந்தக் கிளைக் குறியீட்டைக் கொடுக்க வேண்டும் என்று நேரில் போய் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மாதம் 21-லிருந்து 26-க்குள் அனுப்புவார்கள். ஒவ்வொரு முறையும் வங்கிக் கட்டணம் பிடிக்கக்கூடும் என்பதால் 100 டாலர் ஆனவுடன் எடுக்காமல், வரம்பைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வது நல்லது. கணக்கு அமைப்பிலேயே அந்த வசதி உண்டு.

சொந்த விளம்பரத்தைத் தாமே அழுத்துவது, வீட்டில் உள்ளவர்களையும் நண்பர்களையும் அழுத்தச் சொல்வது, இரண்டும் கூடாது. என் உறவுக்காரப் பையன் கல்லூரி நண்பர்களிடம் சொல்லி அழுத்த வைத்தான். கணக்கையே முடக்கிவிட்டார்கள், 70 டாலருக்கு மேல் சேர்ந்திருந்தது எதுவும் வரவில்லை. தப்பு அவன் மேல்தான்.

வரி: 500 ரூபாயாக இருந்தாலும் அது வருமானம், கணக்குத் தாக்கல் செய்யும்போது காட்டிவிடுங்கள். சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு பொதுவாக ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் என்பதால் இங்கே இருப்பவர்களுக்கு அந்தப் பயம் வேண்டாம். ஒரு நோட்டு போட்டு, வந்தது ஒரு பக்கம், போனது ஒரு பக்கம் என்று எழுதி வாருங்கள். கல்தேடி, நீங்கள் கணக்கு எழுதுகிறவர், உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

சாக்பீஸ், ஊத்தங்கரை
ஜூன் 3, இரவு 9.30

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். கணக்குப் புதிர்கள் எழுதுகிறேன். விளம்பரம் போடலாமா ஐயா?

வரவுசெலவு, தருமபுரி
ஜூன் 3, இரவு 10.00

அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 உங்களைக் கட்டுப்படுத்தும். எழுதுவது வேறு, அதிலிருந்து தொடர்ந்து வருமானம் பார்ப்பது வேறு. தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் அனுமதி கேட்டு, பதில் கையில் வந்த பிறகு ஆரம்பியுங்கள். வாய்மொழிச் சம்மதத்தை நம்ப வேண்டாம்.

கல்தேடி, பென்னாகரம் வட்டம்
ஜூன் 8, இரவு 10.20

ராகிக்களி அக்கா சொன்னபடி உட்கார்ந்து எல்லாப் பின்னூட்டங்களையும் படித்தேன். நான்கு இரவு ஆயிற்று. அதிகம் கேட்கப்பட்ட கேள்வி எது தெரியுமா? "இந்தக் கல் எங்கே இருக்கிறது, எப்படிப் போவது?" அடுத்தது, "இதையெல்லாம் புத்தகமாகப் போடுவீர்களா?" மூன்றாவதாக வட்டெழுத்து படிக்கக் கற்றுத் தர முடியுமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அதைச் செய்யும் அளவுக்கு எனக்கே தெரியாது.

முதல் கேள்வியைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. எல்லாக் கற்களையும் வரைபடத்தில் குறித்து, வழியோடு ஒரு கோப்பாகச் செய்து 99 ரூபாய்க்கு விற்றால் என்ன? அந்தக் குறிப்புகள் எல்லாம் என்னிடம் தயாராக இருக்கின்றன.

விளம்பரத்துக்கும் விண்ணப்பித்திருக்கிறேன். ஆனால் ஒரு நண்பரின் கோயில் வலைப்பூவில், தன்னையே பலி கொடுத்த வீரனின் சிற்பத்துக்குப் பக்கத்திலேயே பணம் வைத்துச் சீட்டாடச் சொல்லும் விளம்பரம் வந்ததைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

ராகிக்களி, பாலக்கோடு
ஜூன் 8, இரவு 10.45

அந்த மாதிரி வகைகளைத் தடுத்து வைக்க அமைப்புகளில் இடம் இருக்கிறது தம்பி. கடன், சூதாட்டம் எல்லாவற்றையும் நான் அடைத்து வைத்திருக்கிறேன். வருமானம் இன்னும் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

பழைய மாணவன், அரூர்
ஜூன் 9, காலை 5.30

தம்பி, அந்த வரைபடத்தை விற்க வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

எனக்கு இப்போது 71 வயது. தமிழ் வலைப்பூக்களை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் தளம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், 2009 வாக்கில், நானும் ஒரு வலைப்பூ வைத்திருந்தேன். கோயில், கல்வெட்டு, மலைக்கோட்டை என்று எழுதுவேன். ஒரு பதிவுக்கு 40 பேர் வந்தால் அதிகம். இப்படி இருக்கும்போது, மலையடிவாரத்தில் ஒரு நடுகல் கிடைத்தது. அழகான கல். வீரனின் கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், காலடியில் ஒரு சின்ன நாய். அதைப் பற்றி எழுதும்போது, நிறையப் பேர் படிக்கட்டுமே என்ற ஆசையில் தலைப்பில் "புதையல்" என்ற சொல்லைச் சேர்த்துவிட்டேன். உள்ளே புதையலைப் பற்றி ஒன்றுமே கிடையாது. வழியை மட்டும் தெளிவாக எழுதியிருந்தேன்: எந்தப் பாலம், அங்கிருந்து எத்தனை மின்கம்பம், எந்தப் புளியமரம்.

இரண்டு நாளில் 11,000 பேர் வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வாரம் கழித்துப் போனேன். கல் குப்புறக் கிடந்தது. அது நின்ற இடத்தில் இடுப்பளவு குழி. கடப்பாரை பட்ட இடத்தில் வீரனின் தோளோடு ஒரு பிளவு. நாய் இருந்த மூலை உடைந்து மண்ணோடு போயிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அங்கே விளக்கு வைக்கும் ஒரு பாட்டி என்னைப் பார்த்து, "நீதான் எழுதினியாமே சாமி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நடுகல்லுக்கு அடியில் பொன் இருக்காது. அது இறந்துபோனவனுக்கு ஊர் வைத்த நினைவு, பொக்கிஷத்துக்கு வைத்த அடையாளம் இல்லை. ஆனால் தோண்டுகிறவனுக்கு அதெல்லாம் தெரியாது, அல்லது தெரிந்துகொள்ள விருப்பமில்லை. புதையலுக்கு 1878-லிருந்தே சட்டம் இருக்கிறது, தொல்பொருட்களுக்கு 1972 சட்டம் இருக்கிறது. மலையடிவாரத்தில் இரவு பன்னிரண்டு மணிக்குச் சட்டம் போய் நிற்பதில்லை. அந்தக் கல்லுக்கு இருக்கிற ஒரே காவல், அது எங்கே இருக்கிறது என்று ஊராருக்கு மட்டும் தெரிவதுதான்.

அதனால் கல்லைப் பற்றி எழுதுங்கள், படம் போடுங்கள், வட்டம் வரை சொல்லுங்கள். ஒற்றையடிப் பாதையைச் சொல்லாதீர்கள். புதிதாக ஒரு கல் கண்டால் ஊர்ப் பெரியவர்களிடமும், தருமபுரி அருங்காட்சியகத்திலோ தொல்லியல் துறையிலோ சொல்லிவிட்டு, பிறகு எழுதுங்கள். உங்கள் பழைய பதிவுகளில் எட்டோ பத்தோ கற்களுக்கு வழி சொல்லியிருக்கிறீர்கள். இன்றைக்கே அவற்றை எடுத்துவிட்டால் நன்றி உள்ளவனாக இருப்பேன்.

கல்தேடி, பென்னாகரம் வட்டம்
ஜூன் 9, காலை 7.10

ஐயா, கடைக்குக் கிளம்புவதற்கு முன் எடுத்துவிட்டேன். மொத்தம் பதினொன்று இருந்தன. படங்களில் இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் இன்று இரவு ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். அந்த வரைபட யோசனையை விட்டுவிட்டேன்.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்
ஜூன் 9, இரவு 9.00

புத்தகம் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். மா ஒட்டுக் கட்டுவது, தத்துப்பூச்சி, பூ உதிர்வு பற்றியெல்லாம் எழுதி வந்ததைத் தொகுத்து ஒரு கிண்டில் மின்னூல் போட்டேன். அமேசான் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் நூல்களை எடுத்துக்கொள்கிறது. செலவு எதுவும் இல்லை. சீசனில், பங்குனி முதல் ஆனி வரை, மாதம் 400 ரூபாய் அளவுக்கு வருகிறது. மற்ற மாதங்களில் 100 வந்தாலே அதிகம்.

சேரும் முன் இதை நன்றாகப் பாருங்கள். இந்திய விற்பனைக்கு 70 சதவீத உரிமைத்தொகை வேண்டுமென்றால் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், இல்லையென்றால் 35 சதவீதம்தான். செலக்டில் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த உள்ளடக்கம் மின்வடிவில் வேறு எங்கும் இருக்கக் கூடாது. உங்கள் வலைப்பூவும் அந்த "வேறு எங்கும்" என்பதில் அடங்கும். பத்து சதவீதம் வரை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். நான் அது தெரியாமல் சேர்ந்து, எச்சரிக்கை மின்னஞ்சல் வந்த பிறகு ராத்திரியோடு ராத்திரியாக 31 பதிவுகளை மறைத்தேன். அடுத்த நாள் ஒரு விவசாயி போன் செய்து, "மருந்து அளவு எழுதியிருந்தீர்களே, காணோமே" என்றார். அவர் தோட்டத்தில் ஸ்ப்ரேயரோடு நின்றுகொண்டிருந்தார். 90 நாள் முடிந்ததும் செலக்டிலிருந்து வெளியே வந்துவிட்டேன். 35 போதும்.

கல்தேடி, பென்னாகரம் வட்டம்
ஜூன் 9, இரவு 11.00

என் பதிவுகளை மறைக்க எனக்கு மனம் வராது. அந்தந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கல்லைப் பற்றி அதில்தான் படிக்கிறார்கள்.

பழைய மாணவன், அரூர்
ஜூன் 10, காலை 6.00

அச்சுப் புத்தகத்துக்கு அந்தத் தடை இல்லை. அறுபது பக்கத்தில், நாற்பது கற்கள், நல்ல படங்களோடு போடுங்கள். புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை இந்தியாவில் இலவசமாகத் தருகிறார்கள், அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. நூறு பிரதி போதும், ஆயிரம் அடித்துக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்தவர்களை எனக்குத் தெரியும். முன்பதிவு வாங்கிக்கொண்டு அச்சுக்குக் கொடுங்கள். தருமபுரி புத்தகத் திருவிழா சமயத்தில் நம் மாவட்டப் புத்தகம் என்றால் எடுத்துப் பார்ப்பார்கள். வாசகங்களைச் சரிபார்த்துத் தர நான் இருக்கிறேன். கூலி வேண்டாம்.

கார்புரேட்டர், ஓசூர்
ஜூன் 10, பகல் 2.15

புத்தகம் வரும்போது வரட்டும். "எப்படிப் போவது" என்று கேட்டவர்களுக்கு வேறு பதில் இருக்கிறது. வழியைச் சொல்லாதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள்.

ஞாயிறு தோறும் ஓசூரிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் ஒகேனக்கல் போகிற கூட்டத்தில் பலர் உங்கள் பென்னாகரம் வழியாகப் போகிறார்கள். பரிசல், மீன் வறுவல், எண்ணெய்க் குளியல், திரும்பி வருதல். என் நண்பர்களே நாலைந்து பேர் அதைத் தாண்டி வேறு ஏதாவது பார்க்க முடியுமா என்று கேட்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு, அரை நாள், ஏழெட்டுப் பேர். ஆளுக்கு 350 ரூபாய் வைத்து, மதியம் களியும் கீரையும் போடுங்கள். ஊராரின் கண்ணெதிரில் பகலில் போய் வருவதால் பெரியவர் சொன்ன பயமும் இல்லை. ஊரார் சம்மதித்த, தினமும் பூசை நடக்கும் கற்களுக்கு மட்டும் போகலாம்.

பழைய மாணவன், அரூர்
ஜூன் 10, மாலை 6.30

இது நல்ல யோசனை. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும், எழுத்து தெரிய வேண்டும் என்று கல்லில் மாவு பூசிப் படம் எடுக்கக் கூடாது. வருமானத்தில் ஒரு பங்கு அந்தக் கோயிலுக்குப் போக வேண்டும். அது பிச்சையாக இல்லாமல், முறையாக ஊர்க் கணக்கில் வர வேண்டும்.

ராகிக்களி, பாலக்கோடு
ஜூன் 10, இரவு 9.10

களிக்கு மாவு நான் தருகிறேன். முதல் தடவைக்குக் காசு வேண்டாம்.

இன்னொன்று. பதிவின் அடியில் யூபிஐ க்யூஆர் வைக்கிறார்களே, விருப்பப்பட்டால் அனுப்புங்கள் என்று, அதைப் பற்றி உங்கள் எல்லோருடைய எண்ணம் என்ன? எனக்கு அது கை நீட்டுவது போலத் தோன்றியதால் வைக்கவில்லை.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்
ஜூன் 10, இரவு 9.40

அக்கா, நம் பக்கம் மொய் எழுதாமல் எந்த விசேஷமும் நடப்பதில்லை. நம் வீட்டு விசேஷத்தில் அவர் 500 எழுதினால் அதை யாரும் பிச்சை என்று சொல்வதில்லை. படித்தவர் தானாக 50 ரூபாய் வைத்தால் அதையும் அப்படித்தான் நான் பார்க்கிறேன். உரம், மருந்து அளவு கேட்டுப் பயன் பெற்றவர்கள் அறுவடை முடிந்து அனுப்புகிறார்கள். சிலர் ஒரு பெட்டி பழமே அனுப்பியிருக்கிறார்கள்.

ராகிக்களி, பாலக்கோடு
ஜூன் 10, இரவு 9.55

மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டும் அல்லவா? அந்தக் கடன் மனதில் நிற்குமே. நான் விலை வைத்து மாவு கொடுத்துவிட்டால் அன்றோடு கணக்கு நேர். எனக்கு அதுதான் சுகம்.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்
ஜூன் 10, இரவு 10.05

அடுத்த பதிவை எழுதுவதுதான் நான் திருப்பிச் செய்கிற மொய்.

வரவுசெலவு, தருமபுரி
ஜூன் 10, இரவு 10.30

மொய் என்று நீங்கள் நினைக்கலாம், நோட்டில் வரவு என்றே எழுதுங்கள். எழுதியதற்காக வந்த பணம் அது. க்யூஆர் வைப்பதாக இருந்தால் போன் எண் தெரியாத யூபிஐ முகவரி ஒன்றைத் தனியாக உருவாக்கி, அதையே ஒரு தனிச் சேமிப்புக் கணக்கோடு இணையுங்கள். சம்பளக் கணக்கைப் பொதுவில் வைக்காதீர்கள். அணைப்பறவை, உனக்கும் சேர்த்துத்தான்.

அணைப்பறவை, கிருஷ்ணகிரி
ஜூன் 11, மாலை 4.50

சரி ஐயா. நான் வேறொன்று யோசித்திருக்கிறேன். பன்னிரண்டு பறவைகள், பன்னிரண்டு மாதம், ஒரு காலண்டர். எங்கள் பள்ளியில் ஆசிரியர்களிடம் கேட்டேன், 23 பேர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். கூட்டில் குஞ்சு இருக்கும் படங்களை மட்டும் சேர்க்கவில்லை. பெரியவர் எழுதியதைப் படித்த பிறகு எந்த மரம் என்றும் இனிமேல் எழுதப் போவதில்லை.

கல்தேடி, பென்னாகரம் வட்டம்
அக்டோபர் 6, இரவு 9.15

நாலு மாதம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

விளம்பர அனுமதி ஆகஸ்டில் வந்தது. சீட்டாட்டம், கடன் எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, கல்வெட்டு வாசகம் இருக்கும் பக்கங்களில் விளம்பரமே வராதபடி வைத்திருக்கிறேன். இதுவரை 1 டாலர் 80 சென்ட். பின் எண் கடிதம் எப்போது வரும் என்று தெரியவில்லை, முகவரியில் கோயில் பெயரைச் சேர்த்துவிட்டேன் அக்கா.

ஜூலை முதல் செப்டம்பர் வரை மூன்று மாதக் கணக்கு இது. க்யூஆர் வழியாக 19 பேரிடமிருந்து 2,760 ரூபாய். அதில் ஒருவர் தன் கொள்ளுத்தாத்தா ஊர்க் கல்லைப் பற்றிப் படித்துவிட்டு 501 அனுப்பியிருந்தார், குறிப்பில் "எங்கள் குலசாமிக்கு" என்று இருந்தது. கார்புரேட்டர் சொன்னபடி ஆட்களைக் கூட்டிப் போய்க் கற்களைக் காட்டும் நடை இரண்டு முறை போனோம், 14 பேர், 4,900 ரூபாய். சாப்பாட்டுக்கு 1,260, கோயிலுக்கு 1,000 போக 2,640. ஆக மொத்தம் 5,400. மூன்று மாதச் செலவு 4,500. மீதி 900-த்தை அப்படியே டொமைனுக்குக் கட்டிவிட்டேன்.

முதல் நடையில் ஒரு தடுமாற்றம் ஆனது. ஒரு ஊரில் முதல் நாள் ஊர்ப் பெரியவரிடம் சொல்லியிருந்தேன், ஆனால் பூசாரியிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவர் வழியில் நின்றுகொண்டு யாரையும் விடவில்லை. அவர் பக்கம்தான் நியாயம். மன்னிப்புக் கேட்டு எல்லோரும் திரும்பிவிட்டோம். அடுத்த மாதம் அவரே கூப்பிட்டார். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தபோது கல்லின் இடது ஓரத்தில் நாங்கள் யாரும் பார்க்காத ஒரு வரி எழுத்து இருந்தது. படம் எடுத்து அரூர் ஐயாவுக்கு அனுப்பினேன். "தொறு" என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது, பெயர் பாதிதான் தெரிகிறது என்கிறார்.

வரும் ஞாயிறு ஐயாவே நேரில் வருகிறார். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்து எழும்பித் தெரியும் என்பதால் ஆறரைக்கே அங்கே இருக்க வேண்டும். அரூரிலிருந்து அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. நான் நாலு மணிக்குக் கிளம்பிப் போய் அவரைக் கூட்டி வருகிறேன். பெட்ரோல் இன்று மாலையே போட்டுவிட்டேன்.